அம்பலமா, பிரட்டுக்களமா?

ஊவா மாகாணத்து ஹாலி எலவிலிருந்து உள்ளே இறங்கிப் போனால் கல்லந்த ஓயாவின் மேல் போகொடை மரப்பாலம் வரும். ஆணி அடிக்காமல் மரத்தை மரத்தில் பொருத்திக் கட்டிய பழைய பாலம். பாலம் என்றால் அக்கரை போவதற்குத்தான். ஆனால் இதற்கு ஓடு வேய்ந்த கூரை உண்டு. இருபுறமும் வேலைப்பாடு கொண்ட கைப்பிடிச் சட்டங்கள் உண்டு. கூரை இருந்தால் மரம் மழையில் உளுத்துப் போகாது என்பது தச்சர் கணக்கு. வழிப்போக்கர் கணக்கு வேறு. கூரைக்குக் கீழே வந்தவர் உடனே அக்கரை போய்விடுவதில்லை. நிற்கிறார், சட்டத்தில் சாய்கிறார், கீழே ஓடும் தண்ணீரைப் பார்க்கிறார். பாலம் குறுகியது, எதிரே வருகிறவருக்கு ஒதுங்கி வழி விடும்போது ஒரு வார்த்தையாவது பேசாமல் முடியாது.

அங்கிருந்து பதுளை நகருக்குத் திரும்பிப் பசறை வீதியில் ஏறினால் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். 2005ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. தேயிலைத் தொழில்நுட்பத்தையும் பெறுமதி சேர்த்தலையும் ஒரு பட்டமாகவே படிப்பிக்கும் இடம். தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். சிங்களம் பேசுகிறவர்களும் தமிழ் பேசுகிறவர்களும் ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரையில் அருகருகே உட்காருகிறார்கள். விரிவுரை முடிந்ததும் அவர்கள் எங்கே போகிறார்கள் என்பது இந்த ஒரு வளாகத்தின் கேள்வியன்று. கொழும்பிலும் சென்னையிலும் பொஸ்டனிலும் அதே கேள்விதான். மாணவர் மையத்தை எப்படித் திருத்திக் கட்டினால் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசுவார்கள்? கதிரையை எங்கே போடுவது, தேநீர்க் கடையை எந்தப் பக்கம் திறப்பது, சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைக்கலாமா?

இவை கட்டடக்கலைஞரின் கேள்விகள். அவற்றுக்கு அடியில் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. சமயங்கள் அதோடு வெகுகாலமாக மல்லுக்கட்டி வந்திருக்கின்றன. மனிதர் கூடுவது தானாக நிகழ்வதா, ஒருவர் விரும்பி நிகழ்த்தக் கூடியதா? நிகழ்த்தலாம் என்றால், நிகழ்த்துகிறவர் எந்த மனத்தோடு அதைச் செய்ய வேண்டும்?

வள்ளுவரைக் கேட்டால் கட்டடக்கலைஞருக்கு வேலையே இல்லை. நட்பு அதிகாரத்தில் அவர் சொல்வது, பக்கத்தில் இருப்பதும் அடிக்கடி பழகுவதும் நட்புக்குத் தேவையில்லை, உணர்ச்சி ஒத்தால் போதும் என்பது. உரைகாரர்கள் அதற்குக் கைவசம் வைத்திருக்கும் சான்று கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும். ஒருவர் சோழ அரசர், மற்றவர் பாண்டிநாட்டுப் புலவர். ஒருவரையொருவர் கண்டதே இல்லை. சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, பிசிராந்தையார் வருவார், அவருக்கு ஓர் இடம் வையுங்கள் என்றான். அவரும் வந்தார். இந்த நட்புக்கு எந்த மண்டபமும் கட்டப்படவில்லை.

மறுபக்கத்தில் ஒரு கணக்கு நிற்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் படிக்க வந்த திருமணமான மாணவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பை லியோன் ஃபெஸ்டிங்கரும் இரு துணை ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். 1950இல் நூலாக வெளிவந்த ஆய்வு அது. குடியிருந்தவர்கள் வீட்டைத் தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. எது கிடைத்ததோ அதில் குடியேறினார்கள். ஒரு மாடிக்கு ஐந்து கதவு. நண்பர் யார் என்று கேட்டபோது, அடுத்த கதவுக்காரரைச் சொன்னது நூற்றுக்கு 41. அதே தளத்தின் அடுத்த கோடியில் இருந்தவரைச் சொன்னது நூற்றுக்கு 10தான். இடையில் சில பாகத் தூரம், அவ்வளவே. படிக்கட்டின் காலடியில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள். மனம் ஒத்துத் தேர்ந்தெடுத்த நட்பென்று மனிதர் நினைப்பதில் எத்தனையோ பங்கு படிக்கட்டு தேர்ந்தெடுத்தது.

வள்ளுவர் சரியா, படிக்கட்டு சரியா? இதற்கு விடை தேட ஊவாக்காரர்கள் அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இங்கே ஒரு பெரிய பரிசோதனை நடந்திருக்கிறது. அதன் பெயர் லயம், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு.

ஒரு லயத்தில் வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள், அதாவது அறைகள். இரட்டை லயமென்றால் முதுகோடு முதுகு ஒட்டி இருபத்து நான்கு. ஒரு காம்பரா ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி, முன்னால் ஓர் இஸ்தோப்பு. நடுச்சுவருக்கு அந்தப்பக்கம் இருமினால் இந்தப்பக்கம் கஷாயம் கொதிக்கும். நெருக்கம்தான் நட்பைத் தரும் என்றால் பசறையிலும் நமுனுகுலையிலும் மடுல்சீமையிலும் லயங்கள் உலகத்திலேயே மிகச் சிறந்த மாணவர் மையங்களாக இருந்திருக்க வேண்டும். பிக்ஸார் நிறுவனத்தின் தலைமையகத்தைக் கட்டியபோது ஸ்டீவ் ஜொப்ஸ், எல்லோரும் நடுக்கூடத்துக்கு வந்தாக வேண்டும், ஒருவரையொருவர் சந்தித்தாக வேண்டும் என்பதற்காகக் கழிவறைகளை அந்த ஓர் இடத்தில் மட்டும் வைக்க நினைத்தார். ஊழியர் எதிர்த்ததால் அதைத் தளர்த்த வேண்டியதாயிற்று. தோட்டத்தில் ஒரு லயத்துக்கே ஒரு தண்ணீர்ப் பீலி, எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு கக்கூஸ் வரிசை என்று வைத்தபோது யாரும் அதை நவீன வடிவமைப்பு என்று சொல்லவில்லை. தளர்த்தவும் இல்லை.

லயத்தைக் கட்டியவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே: காலையில் எத்தனை பேர் மலைக்கு வருவார்கள்? அதற்கென்று ஓர் இடமும் இருந்தது. விடியுமுன் தப்பு அடித்து எழுப்புவார்கள். பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவார்கள். கங்காணியும் கணக்குப்பிள்ளையும் பேரை எடுப்பார்கள், எந்த மலைக்கு யார் என்று பிரிப்பார்கள். நாள் தவறாமல் நூற்றுக்கணக்கானவர் கூடிய களம். தோட்டத்திலேயே மிகப் பெரிய கூட்டம் அங்கேதான். அதை ஒருவரும் சமூக வாழ்வு என்று எண்ணியதில்லை. அதே ஆட்கள் வேறு காரியத்துக்காகக் கூடினால் தோட்டத்துக்குப் பிடிக்காது. தொழிற்சங்கக்காரர் லயத்துக்குள் வந்தால் அத்துமீறிய குற்றம். 1940இல் பதுளைப் பக்கத்து வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்து ஒரு குழு அமைத்தார்கள். அதே ஆட்கள், அதே இடம், தாங்களாகக் கூடிய கூட்டம். வெளியே இருந்து பொலிஸ் வந்தது.

ஆனாலும் லயத்து மக்கள் தங்களுக்கென்று கூடுமிடங்களை உண்டாக்கிக்கொண்டார்கள். யாரும் வரைபடம் போட்டுத் தரவில்லை. பீலிக்கரையில் குடம் நிறைகிற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் பேச்சு. "என்னா புள்ள, அக்கா ஊட்டுக்குப் போனியா?" என்று தொடங்கி ஒரு கலியாணமே முடிவாகிவிடும். குடம் நிறையும் வரை யாரும் அங்கே நிற்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நின்றே ஆக வேண்டும். பேசித்தான் ஆக வேண்டும் என்றில்லை. அந்த இடைவெளியில்தான் பேச்சு பிறந்தது.

இதைவிடப் பெரியது காமன் பொட்டல். மாசி மாதத்தில் காமன் கூத்து வந்தால் தோட்டத்தில் ஒரு வெறும் நிலம் புனிதமாகிவிடும். காமனை ஊன்றுவார்கள். வேடம் கட்டுகிறவர்கள் விரதம் இருப்பார்கள். ஊரும் அவர்களோடு கட்டுப்பட்டு நடக்கும். இரவிரவாகக் கூத்து. சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்து, ரதி ஒப்பாரி வைக்கும்போது, பகலெல்லாம் கொழுந்து பறித்து வந்த பெண்கள் தங்கள் வீட்டுச் சாவையும் சேர்த்து அழுவார்கள். அந்தப் பொட்டலுக்குக் கூரை கிடையாது, கதிரை கிடையாது. செய்வதற்கு வேலை இருந்தது: பந்தம் பிடிக்க ஓர் ஆள், தப்படிக்க நாலு பேர், அரிதாரம் பூச ஒருவர், கோப்பித் தண்ணி வைக்கச் சிலர். வந்தவர் யாரும் வெறும் பார்வையாளராக நிற்கவில்லை.

ஆக, நெருக்கம் மட்டும் போதாது என்பதற்கு லயம் சாட்சி. நெருக்கத்தோடு இன்னொன்று சேர்ந்தால் ஒரு வெறும் நிலம்கூடப் போதும் என்பதற்குப் பொட்டல் சாட்சி. அந்த இன்னொன்று என்ன?

தமிழில் அதற்கு அருகே வரும் சொல் அம்பலம். ஊர்ப் பொதுவிடமும் அம்பலம், தில்லையில் இறைவன் ஆடும் இடமும் அம்பலம். சிங்களவர் அம்பலம என்பது வழியோரத்து இளைப்பாறுமிடம். நாலு தூண், கூரை, உள்ளே சுற்றிவர உட்காரத் திட்டு. பக்கத்தில் வழிப்போக்கர் குடிக்கப் புண்ணியத்துக்குத் தண்ணீர்ச் சாடி வைக்கும் வழக்கமும் உண்டு. தமிழர் பக்கத்தில் இதற்குத் தண்ணீர்ப்பந்தல், மடம், சுமைதாங்கி. தலைச்சுமையை மற்றவர் உதவியில்லாமல் இறக்கி வைத்து, மறுபடி தூக்கிக்கொள்ள வசதியாக நாட்டிய கல் அது. பிள்ளை வயிற்றோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை வைப்பார்கள். சுமை இறங்கியதும் ஆள் உடனே போய்விடுவதில்லை. இரண்டு சுமைகள் ஒரே கல்லில் வந்தால் இரண்டு பேர் பேசத் தொடங்குவார்கள்.

பட்டினப்பாலையில் சோழனின் பகைவர் ஊர்ப் பொதியில் ஒன்று வருகிறது. தெய்வம் உறையும் தூண் நட்ட அந்தப் பொதுமன்றத்தில், மெழுகிப் பூவிட்ட தரையில், அந்தி நேரத்தில் விளக்கேற்றுகிறார்கள். ஊருக்குப் புதியவர்கள் வந்து தங்கித் தொழுகிறார்கள். முன்பின் தெரியாதவருக்காகவே ஏற்றி வைத்த விளக்கு. அதை ஏற்றியவர்கள் போரில் சிறைபிடித்து வந்த மகளிர் என்பதையும் அதே பாடல் மறைக்காமல் சொல்லிவிடுகிறது. பொதுமன்றத்தைப் புகழும்போது, அதைக் கூட்டுகிறவர் யார், அவருக்கு அங்கே உட்கார உரிமை உண்டா என்று கேட்க வேண்டும் என்பதற்கு இது போதும். தேயிலைக்கு உலகமெல்லாம் விருந்தோம்பலின் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் குடிப்பது தூள் தேயிலை என்பது ஊவாவில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

கட்டுகிறவர் எந்த மனத்தோடு கட்ட வேண்டும் என்ற கேள்விக்குப் பெரியபுராணம் வைத்திருக்கும் விடை அப்பூதியடிகள். திங்களூர்க்காரர். திருநாவுக்கரசரை அவர் பார்த்ததே இல்லை, கேள்விப்பட்டது மட்டுமே. கேட்டவுடன் தம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார், பசுவுக்கு வைத்தார், அளக்கும் படிக்குக்கூட வைத்தார். மடமும் தண்ணீர்ப்பந்தலும் அந்தப் பெயரிலேயே கட்டினார். ஒருநாள் வெயிலில் நடந்து களைத்த முதியவர் ஒருவர் பந்தலில் ஒதுங்குகிறார். எங்கும் எழுதியிருப்பது தம் பெயர். அவர்தான் நாவுக்கரசர்.

வள்ளுவரும் படிக்கட்டும் இந்தக் கதையில் கைகோத்துக்கொள்கிறார்கள். பார்க்காத அன்பு பிசிராந்தையாருடையது போன்றது. ஆனால் அது மனத்துக்குள் மட்டும் நின்றுவிடவில்லை. ஓலைப் பந்தலாகவும் தண்ணீர்க் குடமாகவும் தெருவுக்கு வந்தது. நாவுக்கரசர் வருவார் என்று கணக்குப் பார்த்துக் கட்டியதுமில்லை. அவர் வராமலே போயிருந்தாலும் வேறு யாரோ தாகம் தீர்த்திருப்பார்கள். பந்தலைக் கட்டியவருக்கு வருகிறவரிடமிருந்து பெற வேண்டியது ஒன்றுமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். புண்ணியம் வேண்டித்தானே அம்பலம் கட்டினார்கள், அதுவும் ஆதாயம் அல்லவா? ஆதாயம்தான். ஆனால் அந்தப் புண்ணியம் கொடுத்தபோதே வந்துவிடுகிறது. உட்கார வந்தவர் அதற்காக எதுவும் செய்யத் தேவையில்லை. பேசாமல் தூங்கினாலும் குறைவில்லை. பிரட்டுக்களத்தின் ஆதாயம் வேறு மாதிரி. வந்தவர் உடம்பிலிருந்து அதைப் பறிக்க வேண்டும். இன்றைய மாணவர் மையத் திட்டங்களில் கலந்துபழகும் அளவை இத்தனை விழுக்காடு உயர்த்துவது என்று இலக்கு எழுதும்போது, நல்ல எண்ணத்தோடு ஆனாலும், கணக்குப்பிள்ளை மெல்ல உள்ளே வந்து பேர் எடுக்கும் செக்ரோலைத் திறந்து வைக்கிறார்.

மெய்கண்டாரின் சிவஞானபோதம் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சைவ சித்தாந்த நூல். அதன் பன்னிரண்டாம் சூத்திரம், எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது, முத்தி நிலையை எட்டியவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அழுக்கைக் கழுவி, அன்பரோடு சேர்ந்து, அவர்கள் வேடத்தையும் ஆலயத்தையும் இறைவனாகவே தொழ வேண்டும். ஞானம் அடைந்தவருக்குக் கூட்டம் தேவையில்லை என்று சித்தாந்தம் சொல்லவில்லை. அடியாரும் ஆலயமும் ஒரே சூத்திரத்தில் நிற்கிறார்கள்; அதிலும் அன்பர் முன்னே, கட்டடம் பின்னே. பௌத்தத்திலும் இதற்கு இணையானது உண்டு. நல்ல நட்பு அறவாழ்வில் பாதி என்று ஆனந்தர் சொன்னபோது, பாதியில்லை, முழுதும் அதுவே என்று புத்தர் திருத்தினார் என்கிறது பாலி மரபு.

இலங்கையில் பல்கலைக்கழகம் என்ற எண்ணமே ஒரு கூட்டத்தில் பிறந்தது. 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை முன்னின்று நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். தந்தை பெயரிலேயே அம்பலம் உண்டு. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் ஒன்றாகத் தங்கி, உண்டு, வளர வேண்டும் என்ற எண்ணத்தில் பேராதனையை விடுதிகளின் வளாகமாக நினைத்தார். 1952இல் பல்கலைக்கழகம் அங்கே இடம்பெயரத் தொடங்கியது. விடுதிகளில் ஒன்றின் பெயர் அருணாசலம் மண்டபம். ஆனால் பேராதனையில் படித்தவர்கள் முதலில் நினைவுகூர்வது எழில் மிகுந்த மண்டபங்களை அல்ல. சரிவில் அமைந்த திறந்தவெளி அரங்கைத்தான். அதை வல என்பார்கள், சிங்களத்தில் பள்ளம். 1961இல் சரச்சந்திராவின் சிங்கபாகு நாடகம் அரங்கேறிய இடம். மலைச்சரிவில் மண்ணில் உட்கார்ந்து விடிய விடியக் கூத்துப் பார்ப்பது எப்படி என்று காமன் பொட்டலுக்குப் பழகிய பிள்ளைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதே பல்கலைக்கழகங்கள் கூடுதலின் இருண்ட பக்கத்தையும் காட்டின. பகிடிவதை செய்கிறவர்கள் சொல்லும் நியாயம் எப்போதும் ஒன்றுதான்: ஏற்றத்தாழ்வை உடைக்கிறோம், எல்லாரையும் ஒரே குடும்பமாக்குகிறோம். புது மாணவர் வரிசையில் நிற்க வேண்டும், சொன்னதை உடுக்க வேண்டும், கேட்டபோது பாட வேண்டும். உயிர்கள் போயின. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. எந்தக் கட்டடக்கலைஞரும் வேண்டாமலே அமைந்துவிட்ட பிரட்டுக்களம் இது. நட்பைக் கட்டளையாக்கினால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு ஊவாவின் மலைகளும் பல்கலைக்கழக விடுதிகளும் ஒரே விடையைத்தான் வைத்திருக்கின்றன.

அதனால்தான் ஒதுங்கியிருக்கும் உரிமையும் நல்ல கூடுமிடத்தின் ஒரு பகுதி. அப்புத்தளையில் 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிசம் மாளிகை இன்று பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். துறவிகள் மௌனத்தையும் கூட்டு வழிபாட்டையும் ஒரே நாளுக்குள் வைத்து வாழ்கிறார்கள். கூடுவதற்கு மணி உண்டு, தனித்திருப்பதற்கும் மணி உண்டு. நியூயோர்க்கின் சிறு சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட் 1980இல் எழுதிய நூலிலும் இதன் சாயல் இருக்கிறது. மனிதர்கள் தாங்களே நகர்த்தக்கூடிய கதிரையைத்தான் விரும்புகிறார்கள். உட்காருமுன் அதை ஓரங்குலமாவது இழுத்துப் போடுகிறார்கள், தேவை இல்லாவிட்டாலும். அந்த ஓரங்குலத்தில் இருப்பது, இந்த இடத்தில் என் சொல்லும் செல்லும் என்ற உணர்வு. தரையில் திருகி வைத்த கதிரை அதைத் தராது.

இதே கேள்வி மலையில் இன்று வேறு வடிவில் வந்து நிற்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையும் கோயிலையும் மூடியது. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் மாதக்கணக்கில் தங்கினார்கள். பிறகு தனி வீடுகள் வந்தன. இந்திய உதவியோடு மத்திய, ஊவா மாகாணங்களில் 4,000 தனிவீடுகள் திட்டமிடப்பட்டன: 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. இருமல் கேட்காத சுவர், தன் பேரில் ஓர் உறுதி. இதற்காக மலையக மக்கள் பட்டபாடு கொஞ்சமில்லை. லயத்தின் நெருக்கத்தை நினைத்து ஏங்குவது அதில் வாழாதவர்களுக்கு எளிது. ஆனால் வீட்டுக்கு வீடு குழாய் வந்தபின் பீலிக்கரை எங்கே போகிறது? புதிய குடியேற்றத்து வரைபடத்தில் வீதி உண்டு, வடிகால் உண்டு. காமன் ஊன்ற ஒரு பொட்டல் விடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, மாணவர் மையத்தில் உட்காரத் திண்ணை உண்டா என்று பார்ப்பதைப் போன்றதே.

பல்கலைக்கழகப் பிள்ளைகள் திண்ணை வரும்வரை காத்திருக்கவில்லை. அவர்களுடைய மையத்துக்குக் கட்டடமே இல்லை. பெயர் மட்டும் உண்டு: குப்பி. விளங்காத பாடத்தை விளங்கியவர் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது. சிங்களப் பிள்ளையும் அதே சொல்லைத்தான் சொல்கிறது, தமிழ்ப் பிள்ளையும். குப்பி லாம்பைச் சுற்றி உட்கார்ந்து படித்த காலத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். மின்சாரம் வருமுன் லயத்துக் காம்பராக்களில் எரிந்ததும் அதே லாம்புதான். போத்தலில் மண்ணெண்ணெய், மூடியில் துளை, துணித்திரி. சொல்லிக் கொடுக்கிறவருக்குக் காசு கிடையாது. வரவு எடுப்பதில்லை. அடுத்த தவணை யார் சொல்லிக் கொடுப்பார் என்றும் தெரியாது. ஆனால் யாராவது ஒருவர் சொல்லிக் கொடுப்பார்.

பரீட்சை மாதத்தில் விரிவுரை மண்டபங்களைப் பூட்டியபின் குப்பி படிக்கட்டில் நடக்கும். லாம்பு இப்போது இல்லை, கைத்தொலைபேசியின் வெளிச்சம்தான். சொல்லிக் கொடுப்பவர் பாதி சிங்களம், பாதி தமிழ், நடுவே ஆங்கிலக் கலைச்சொல் என்று போகிறார். பசறைப் பக்கமிருந்து பனி ஏறி வருகிறது. பின்னால் தாமதமாக வந்த ஒருவர் நின்றுகொண்டே எட்டிப் பார்க்கிறார். கடைசிப் படியில் இருந்தவள் திரும்பிப் பார்க்காமலே தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவரோரமாக நகர்ந்து உட்காருகிறாள்.